ஆற்றில் என்ன கலக்கிறது என்று கேட்கும் உரிமை

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றில் மழைக்கு மறுநாள் நாற்றம் அடிக்கிறது. கழிவுநீரை எத்தனை மணி நேரம் திறந்துவிட்டார்கள் என்று தண்ணீர் நிறுவனத்திடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடியுரிமையும் தேவையில்லை. இதற்கு வழி செய்வது 2004ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிமுறைகள். 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம்தான் இதற்கு வேர். ஸ்காட்லாந்துக்குத் தனி விதிமுறைகள் உண்டு.

தண்ணீர் நிறுவனங்கள் தனியார் ஆயிற்றே, அவர்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அவர்களும் இதையேதான் சொல்லிப் பார்த்தார்கள். தூண்டில்காரர்களுக்காக வழக்காடும் ஃபிஷ் லீகல் என்ற அமைப்பு விடவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தனியாருக்குச் சாதாரணமாக இல்லாத சிறப்பு அதிகாரங்களைச் சட்டம் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து, அது பொதுச் சேவை செய்தால் அதையும் பொது அமைப்பாகக் கொள்ளலாம் என்று 2013இல் அந்த நீதிமன்றம் விளக்கியது. அந்த அளவுகோலின்படி தண்ணீர் நிறுவனங்களும் இந்த விதிமுறைகளுக்குள் வரும் என்று 2015இல் பிரிட்டன் தீர்ப்பாயம் முடிவு செய்தது. உள்ளாட்சி கவுன்சில்களும் அரசுத் துறைகளும் ஏற்கெனவே உள்ளே இருப்பவைதான்.

காற்று, நீர், மண், இரைச்சல், கழிவு, கதிர்வீச்சு எல்லாம் இதில் அடங்கும். அவற்றைப் பாதிக்கக்கூடிய திட்டங்களும் கொள்கைகளும்கூட அடங்கும். ஆகவே புதிய சாலைத் திட்டத்தின் ஆவணங்களையும் கேட்கலாம்.

வழக்கமான தகவல் சுதந்திரச் சட்டத்தில் மனுவை எழுத்தில் தர வேண்டும். இங்கே வாய்மொழியாகக் கேட்டாலும் செல்லும். ஆனாலும் மின்னஞ்சல் ஒன்று அனுப்பிவிடுங்கள். நாளைக்குச் சண்டை வந்தால் தேதி கையில் இருக்கும். 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். கேட்டது சிக்கலாகவும் மலைபோலவும் இருந்தால் மட்டும் 40 வரை நீட்டிக்கலாம். நியாயமான கட்டணம் கேட்கக்கூடும். பொதுப் பதிவேடுகளைப் பார்க்கவும், ஆவணங்களை அவர்கள் இடத்துக்கே போய்ப் பார்க்கவும் காசு வாங்கக் கூடாது.

மறுக்கவும் வழிகள் இருக்கின்றன. ஆனால் தனிநபர் விவரங்கள் நீங்கலாக, எந்தக் காரணத்தைச் சொன்னாலும் வெளியிடுவதில் உள்ள பொதுநலத்தையும் எடைபோட்டுப் பார்த்தாக வேண்டும். சந்தேகம் என்றால் வெளியிடும் பக்கமே சாய வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சுற்றுச்சூழலுக்குள் வெளியேற்றப்படும் பொருள்களைப் பற்றிய தகவலுக்கு ‘வணிக ரகசியம்’ என்ற சாக்கு செல்லாது என்பது. குழாயிலிருந்து ஆற்றுக்குள் கலந்தபின் அதில் என்ன ரகசியம்?

சரி, மறுத்துவிட்டால்? 40 வேலை நாளுக்குள் அதே அமைப்பிடம் மறுபரிசீலனை கேளுங்கள். அதற்குப் பதில் தர அவர்களுக்கும் 40 வேலை நாள். அப்புறம் தகவல் ஆணையர் அலுவலகத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. அங்கேயும் திருப்தி இல்லையென்றால் ஆணையர் முடிவு வந்த 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேட்டவருக்குத் தரக்கூடாது என்பதற்காகவே ஆவணத்தை அழிப்பது குற்றம்.