பிளாட்பாரமும் முகவரிதான்: வீடில்லாதவர்கள் கேட்டு வாங்க வேண்டியவை

"டோர் நம்பர் என்ன?" என்பதுதான் அரசு ஆபீஸ் கவுன்ட்டரில் கேட்ட முதல் கேள்வி. கேட்டது சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு தெருவில் முப்பது வருஷத்துக்கு மேலாக பிளாட்பாரத்திலேயே இருந்து பூ கட்டி விற்கும் ஒரு அம்மாவிடம். "டோரே இல்லையேப்பா" என்றார். படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். அன்றைய வியாபாரமும் போனது, போய்வந்த ஆட்டோக் காசும் போனது. நான் கூட இருந்தேன், அன்றைக்கு எனக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இப்போது தெரியும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் படுப்பவர்கள் என்றாலே குடிகாரர்கள், உழைக்க மனசில்லாதவர்கள், திருடர்கள் என்று பேசுவதை ஆபீசிலும் கேட்கிறேன், அக்கம்பக்கத்துக் கடைகளிலும் கேட்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் மூட்டை தூக்குபவர் இருக்கிறார், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர்கள் இருக்கிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுபவர் இருக்கிறார். கூவம் கரையில் வீட்டை இடித்து, தொலைவில் இருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகு, பிழைப்பு இங்கே இருப்பதால் வாரத்தில் ஐந்து நாள் பழைய இடத்திலேயே படுக்கிறவர்கள் உண்டு. ஒரு ஆபரேஷன் கடனில் வாடகை நின்று, மறுபடி அட்வான்ஸ் புரட்ட முடியாமல் வந்தவர்கள் உண்டு. புருஷன் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள், மனநிலை சரியில்லாமல் வீட்டைவிட்டு வந்து ஊர்ப்பெயரை மறந்தவர்கள் எல்லாம் உண்டு. குடிப்பவர்களும் உண்டு, அதில் பாதிப்பேர் ரோட்டுக்கு வந்த பிறகு தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தவர்கள். இந்தப் பேச்சை ஏன் இங்கே எடுக்கிறேன் என்றால், பக்கத்துக் கடைக்காரர் இவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பல மனுக்கள் தேறுகின்றன. அதற்குக் கீழே வருகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு ரோட்டோரம், மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று போய் எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். ஆக, எண்ணும்போது பிளாட்பாரம் ஒரு இடம் என்று அரசே ஒத்துக்கொள்கிறது. மனு கொடுக்கும்போது மட்டும் அது ஏன் இடமில்லாமல் போகிறது?

வாக்காளர் அட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், ஏனென்றால் வீடில்லாதவர்களுக்கென்று தெளிவான விதி இருப்பது இங்கேதான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் எந்த இடத்தில் படுக்கிறார்களோ அதை முகவரியாக எழுதலாம். இன்ன தெரு, இன்ன கடைக்கு எதிர் நடைபாதை என்று எழுதினால் போதும். முகவரிச் சான்று காகிதம் தேவையில்லை. அதற்குப் பதிலாக பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கு நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், ஒரு இரவோடு நிறுத்தாமல். இது தேர்தல் ஆணையத்தின் விதி, யாரும் செய்யும் சலுகை இல்லை.

நடப்பது என்ன? காலை பதினொரு மணிக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் யார் இருப்பார்கள்? எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், சுவரோரம் ஒரு தார்ப்பாய் மூட்டை மட்டும் கட்டி வைத்திருக்கும். பக்கத்துக் கடையில் விசாரிப்பார்கள். கடைக்காரருக்குக் கடை வாசலில் இவர்கள் இருப்பதே பிடிக்காது, "அப்படி யாரும் இல்லை சார்" என்று சொல்லிவிடுவார். முகவரியில் இல்லை என்று எழுதி மனு முடிந்துவிடும். அந்தப் பூக்கார அம்மாவுக்கு இரண்டு முறை இப்படித்தான் ஆனது. மூன்றாவது முறை மனுவிலேயே "இரவு 10 மணிக்கு மேல் வந்து பார்க்கவும்" என்று எழுதி, விதியைக் குறிப்பிட்டு, ஒப்புகை எண்ணை வாங்கிக்கொண்டோம். பி.எல்.ஓ.வின் போன் நம்பரை வாங்கி மரியாதையாகப் பேசினோம். அவரும் பெரும்பாலும் ஒரு டீச்சரோ அங்கன்வாடி ஊழியரோதான், ராத்திரியில் தனியாக வரப் பயப்படுவது நியாயம், அதனால் நாங்களே பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கூட்டிப்போனோம். அன்றைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர், "நான் கடை போடுறதுக்கு முன்னாடியே இந்தம்மா இங்க இருக்கு" என்றார். வேலை முடிந்தது. ஆகவே மனு போடுவதற்கு முன்பே பக்கத்தில் யாராவது ஒருவரிடம் போய்ப் பேசி வையுங்கள்.

அடுத்து ஆதார். புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். முகவரிக்கு கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார் போன்றவர்கள் தரும் சான்று செல்லும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் இருந்தால் அதன் பொறுப்பாளர் தரும் சான்றும் செல்லும். ஆனால் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி வாங்கிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆதார் ஆணையத்துக்கென்று தனிப் படிவம் உண்டு, அதிலேயே எழுதி, போட்டோ ஒட்டி, போட்டோவின் மேலும் பாதி விழும்படி முத்திரை வைத்து வாங்க வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும். இன்னொரு தொல்லை கைரேகை. மூட்டை தூக்கி, பாத்திரம் தேய்த்து விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை விழாது. "விழலை, போங்க" என்பார்கள். போகாதீர்கள், கருவிழியைப் பதிந்து செய்ய வழி இருக்கிறது என்று சொல்லி நில்லுங்கள்.

ரேஷன் கார்டுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தனிக் குடித்தனம், தனிச் சமையல் இருக்கிறதா என்று விசாரணைக்கு வருகிறார்கள். மூன்று செங்கல்லும் ஒரு சட்டியும் தனிச் சமையல் இல்லையா? தினமும் அதில்தான் சோறு பொங்குகிறது. அடுப்பு எரியும் நேரத்தில் வரச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து மனுவோடு வையுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஊரில் இருக்கும் பழைய கார்டு. அதில் பெயர் இருக்கும்வரை புது கார்டு கிடைக்காது, பெயரை நீக்க குடும்பத் தலைவரின் போனுக்கு ஓ.டி.பி. போகும். அடித்துத் துரத்திய புருஷனிடம் போய் ஓ.டி.பி. கேட்கச் சொல்கிறார்கள்! கோர்ட் விவாகரத்துப் பத்திரம் கொண்டு வா என்றும் சொல்வார்கள். பிரிந்து வாழும் பெண்களுக்கு விவாகரத்து ஆவணம் இல்லாமலேயே விசாரித்துக் கார்டு கொடுக்கலாம் என்று தமிழக அரசு 2021-லேயே சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் பேசிப் பயனில்லை, உணவு வழங்கல் உதவி ஆணையருக்கு நேராக மனு கொடுங்கள். ஊர் கார்டு உங்கள் கையிலேயே இருந்தால் புதிது எடுக்கவே வேண்டாம், அதை வைத்து இங்கே உள்ள கடையிலும் அரிசி வாங்கலாம்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஆதரவற்றவராக இருக்க வேண்டும். இந்த ஆதரவற்றவர் என்ற சொல்லில்தான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். "மகன் இருக்கானா?" என்று கேட்டால் பாவம், இருக்கிறான் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள், அதோடு சரி. இருக்கிறான், சோறு போடுவதில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், மனுவிலும் அப்படியே எழுதுங்கள்.

இனி காப்பகம். நகரத்தில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் குறைந்தது 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், 24 மணி நேரமும், வருஷம் முழுக்க. இது உச்ச நீதிமன்றத்தில் நடந்த உணவு உரிமை வழக்கிலிருந்து வந்த கணக்கு, தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்திலும் அப்படியே எழுதியிருக்கிறது. ஆள் ஒருவருக்கு 50 சதுர அடி. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் தங்கவும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாமல் வராந்தாவில் படுக்கிறார்கள். இடம் வேண்டுமென்றால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள்.

ஆதார் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். வீடில்லாதவருக்கு ஆதார் இல்லையென்றால் அவர் அரசைப் பொறுத்தவரை இல்லாத ஆளா என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே காப்பக வழக்கில் கேட்டது. அதைச் சொல்லுங்கள், உள்ளே போன பிறகு அந்தக் காப்பக முகவரியிலேயே ஆதார் எடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கூப்பிட்டாலும் காப்பகத்துக்கு வர மாட்டேன் என்கிறார்களே என்பது அதிகாரிகளின் வாடிக்கையான பேச்சு. ஏன் என்று யாராவது கேட்டார்களா? பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, பதினைந்து வயசுப் பையன் மூன்று பேரும் மூன்று இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். தள்ளுவண்டியை எங்கே விடுவது? விடிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போய்ப் பூ எடுக்க வேண்டியவர் பூட்டிய கேட்டுக்குள் எப்படி இருப்பார்? இதையெல்லாம் எழுதாமல் "வர மறுத்தார்" என்று மட்டும் பதிகிறார்கள், பிறகு அதுவே அவர் கணக்கில் நிற்கிறது. வர முடியாத காரணத்தைத் தாளில் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

மனநிலை பாதித்து அலைபவரைப் பார்த்தால் விரட்டச் சொல்லிப் போலீசைக் கூப்பிடாதீர்கள், சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கூப்பிடுங்கள். மனநலச் சட்டம் 2017-ன் 100-வது பிரிவு அது போலீசின் கடமை என்கிறது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடில்லாதவருக்குச் சிகிச்சை இலவசம், எந்த அட்டையும் தேவையில்லை.

எந்த ஆபீசானாலும் வாய்வார்த்தையாக முடியாது என்று சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பாதி மறுப்பு அங்கேயே தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தளரவில்லையென்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு, அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். அந்த அம்மாவுக்கு வாக்காளர் அட்டை வந்த சில மாதத்தில் தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று லாரி வந்து மூட்டைகளை அள்ளிப் போனது, அட்டையும் அதோடு போனது. இப்போது எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒன்றை இடுப்பில் சுருக்குப்பையோடும் இன்னொன்றை டீக்கடைக்காரரின் கல்லாப்பெட்டிக்கு அடியிலும் வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரு போட்டோ என் போனிலும் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.