கூலிங் கிளாஸ் எதனால் கெட்டது என்று கம்பெனிக்கு எப்படித் தெரிகிறது?

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கூலிங் கிளாஸ். பில் இருக்கிறது, வாரண்டி கார்டும் இருக்கிறது. ஊட்டிக் கடையில் கொடுத்து, அவர்கள் கூரியரில் அனுப்பி, நாமும் நாலு முறை போன் போட்டு விசாரித்தால், "இது தயாரிப்புக் குறை இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்து நிற்கிறது. ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சில நேரம் அப்படியும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும், சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த லென்ஸே நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்பது தெரிந்தால், எதை அனுப்பலாம், எதை உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளலாம், எதற்குக் கூரியர் செலவே தண்டம் என்று வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

லென்ஸ் என்பது ஒரே கறுப்புத் துண்டு இல்லை, பல அடுக்கு. அடியில் இருப்பது பாலிகார்பனேட், சிஆர்-39, நைலான் போன்ற ஏதோ ஒரு பிளாஸ்டிக், அபூர்வமாக நிஜக் கண்ணாடி. பிளாஸ்டிக் என்றால் கீறல் தாங்க மேலே ஒரு கெட்டியான பூச்சு, சில மைக்ரான் தடிமன் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). அதற்கும் மேலே வெளிப்பக்கம் மிரர் கோட்டிங், உள்பக்கம் கண்ணுக்குப் பின்னால் இருந்து வரும் வெளிச்சம் திருப்பி அடிக்காமல் இருக்க இன்னொரு கோட்டிங். இவற்றை வெற்றிட அறைக்குள் வைத்து ஆவியாகப் படிய வைப்பார்கள். எல்லாம் சேர்ந்து அரை மைக்ரான்கூட வராது. போலரைஸ்டு வகை (ரோட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எழும் கூச்சத்தை வடிகட்டுவது) என்றால் இந்த அடுக்குகளுக்கு நடுவே, இழுத்து நீட்டி அயோடினோ சாயமோ ஏற்றிய பாலிவினைல் ஆல்கஹால் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு அடுக்கும் கெட்டுப்போகும் விதம் வேறு.

கீறலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் வருவது அதுதான், வாரண்டியில் கிட்டத்தட்ட எங்குமே சேராததும் அதுதான். எஸ்டேட் ரோட்டில் பைக்கில் போய் வந்தால் லென்ஸில் செம்மண் தூசி படிந்திருக்கும். அதில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7. பிளாஸ்டிக் மேல் பூசிய பூச்சு எதுவும் அதன் முன் நிற்காது. சட்டை நுனியால் வட்டமாகத் துடைத்தால் அந்தத் துகள்கள் வில் வில்லாகக் கோடு போடும். பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரே திசையில் வளைந்து போகும் மெல்லிய கோடுகள் தெரிந்தால், துடைத்ததால் வந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று ஊர் பூராவும் சொல்வார்கள். பற்பசையே ஒரு தேய்ப்புப் பொருள். மிச்சம் இருக்கிற பூச்சையும் வழித்துவிட்டு, ஒரு கீறல் இருந்த இடத்தில் மங்கலான திட்டு ஒன்றை உண்டாக்கிவிடும். தண்ணீரில் அலசிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுத் தொட்டு விரலால் தேய்த்துக் கழுவி, அப்புறம் மெத்தென்ற துணி. அவ்வளவுதான். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம், அதில் அசிட்டோன் இருந்தால் பாலிகார்பனேட் லென்ஸ், அசிட்டேட் ஃப்ரேம் இரண்டையுமே தின்றுவிடும்.

கீறல் விழுந்தால் புற ஊதாப் பாதுகாப்பும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பாலிகார்பனேட்டில் போகாது, அந்தப் பிளாஸ்டிக்கே புற ஊதாவை உறிஞ்சிக்கொள்ளும், மேல்பூச்சை நம்பி அது இல்லை. கீறலின் தொந்தரவு வேறு: மாலை வெயில் எதிரே அடிக்கும்போது ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடித்து லென்ஸ் முழுக்க வெள்ளையாகிவிடும், எதிரே வரும் பஸ் தெரியாது.

புற ஊதா விஷயத்தில் நம் மலையில் கொஞ்சம் கவனமாகவே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. மேட்டுப்பாளையத்தில் இருப்பவரை விட இங்கே ஐந்தில் ஒரு பங்கு அதிகம் வாங்குகிறோம், ஆனால் குளிராக இருப்பதால் உடம்புக்கு உறைப்பதில்லை. மெல்லிய மேகத்தை 80 சதவீதம் வரை தாண்டி வரும் சரக்கு அது, ஆகவே மஞ்சு மூடியிருக்கிறதே என்ற சாக்கும் எடுபடாது. வெறும் சாயம் மட்டும் ஏற்றிய, புற ஊதாவைத் தடுக்காத லென்ஸைப் போட்டால், இருட்டுக்குக் கண்மணி விரிந்துகொண்டு வழக்கத்தை விட அதிகமாக உள்ளே விடும். சந்தேகம் இருந்தால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று எடுத்து 500 ரூபாய் நோட்டின் எண்கள் மேல் அடித்துப் பாருங்கள், அவை ஒளிரும். நடுவே லென்ஸைப் பிடியுங்கள். ஒளிர்வு நின்றுவிட்டால் லென்ஸ் வேலை செய்கிறது.

கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் சண்டையில் பாதி, கோட்டிங் வெடிப்பதைப் பற்றியது. லென்ஸ் முழுக்க, வற்றிய குளத்துக் களிமண் மாதிரி நுணுக்கமான வெடிப்புகள் விழும். இது சூட்டில் வருவது. 60 மில்லிமீட்டர் அகல பாலிகார்பனேட் லென்ஸை 50 டிகிரி சூடாக்கினால் அது சுமார் 0.2 மில்லிமீட்டர் நீளும். மேலே கோட்டிங்கில் உள்ள சிலிக்கா அடுக்கோ கிட்டத்தட்ட நீளவே நீளாது. அடியில் இருப்பது இழுக்க, மேலே இருப்பது வர மறுக்க, கடைசியில் மேலே இருப்பது வெடிக்கிறது. 50 டிகிரி எங்கே வரப்போகிறது என்று கேட்கலாம். காலையில் 15 டிகிரியில் ஊட்டியில் கிளம்பி, மதியம் மேட்டுப்பாளையத்தில் வண்டியை வெயிலில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டியதுமே கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "ஏங்ண்ணா, டேஷ்போர்டுல வெச்சீங்களா?" கம்பெனிக்காரரும் அதையேதான் கேட்பார், என்ன, கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அதைத் தவறாமல் அனுப்பிவிடுங்கள். கோட்டிங் வெடிக்காமல், கீறலும் இல்லாமல், ஓர் ஓரத்திலிருந்து தோல் உரிவது போல் பாளமாகக் கிளம்புகிறது, அடியில் பிளாஸ்டிக் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது என்றால், அது சரியாகப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். பூசும்போது லென்ஸ் சுத்தமாக இல்லாமலிருந்தால் இப்படி ஆகும். இது அவர்கள் பக்கத்துக் குறை. போலரைஸ்டு லென்ஸில் வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஓரங்களில் குமிழி எழும்பினால், நடுப்படலம் பிரிகிறது, அதற்கும் கேட்கலாம். பல வருஷம் வியர்வையும் ஈரமும் ஓரம் வழியாக ஊறிப் பிரிந்தது என்றால் வாதம் எடுபடாது. வாங்கிய தேதி அதனால்தான் முக்கியமாகிறது.

மூலையில் கீறல்போல் ஒரு விரிசல், கீழே விழவே இல்லை என்று சத்தியம் செய்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். லென்ஸை ஃப்ரேமுக்கு மயிரிழை பெரிதாக வெட்டி ஸ்க்ரூவை இறுக்கியிருந்தால் அந்த அழுத்தம் உள்ளேயே உட்கார்ந்திருந்து, ஒரு நாள் விரிசலாக வெளியே வரும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். எல்சிடி லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். போலரைஸ்டு கண்ணாடி ஒன்றைக் கண்ணில் போட்டு, திரை இருட்டாகும் வரை தலையைச் சாயுங்கள். இப்போது சந்தேகப்படும் சாதா லென்ஸைத் திரைக்கு முன்னால் பிடித்தால், இருட்டுக்கு நடுவே அதில் வானவில் நிறங்கள் எழும். பிளாஸ்டிக்கில் அழுத்தம் உள்ள இடம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடுவதால் வரும் நிறம் அது. அச்சில் வார்த்த பாலிகார்பனேட்டில் அகலமான நிறப் பட்டைகள் சும்மாவே இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலோ மூலையிலோ பட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் அங்கேதான் பிடித்து நெரிக்கிறது. கண்ணாடிக் கடைகள் இதற்கென்றே போலரிஸ்கோப் என்று ஒரு கருவி வைத்திருக்கின்றன, வேலை செய்வது இதே முறையில்தான். கம்பெனியில் பொருத்திய லென்ஸ் என்றால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நடுவில் உள்ளூரில் கழற்றி மாட்டியிருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது.

ஃப்ரேம் சங்கதிகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மூக்குப் பட்டையைத் தாங்கும் கம்பியில் பச்சை படிவது செம்பு கலந்த உலோகமும் வியர்வையும் சேர்ந்த வேலை. பட்டையை எந்தக் கடையிலும் மாற்றித் தருவார்கள். ஸ்க்ரூ கழன்றாலும் அப்படியே. அசிட்டேட் ஃப்ரேம் வெளிறினால் அதிலுள்ள மென்மையாக்கும் பொருள் வெளியேறுகிறது என்று அர்த்தம், பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் ஓரளவு பளபளப்பு திரும்பும். உடைந்த இடத்தில் சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம். அதன் ஆவி பக்கத்து லென்ஸில் வெள்ளையாகப் படியும், அதோடு ஒட்டின தடயத்தைப் பார்த்ததும் சர்வீஸில் தொடமாட்டார்கள்.

சரி, அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. பில்லோடு கண்ணாடியின் காதில் மாட்டும் கம்பியில் உள்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரேபானின் ஏவியேட்டரில் ஆர்பி 3025 என்றும், அதன் பக்கத்தில் 58, 14, 135 என்றும் இருக்கும்: மாடல், லென்ஸ் அகலம், மூக்கு இடைவெளி, கம்பி நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். அதே மாடல் 55, 62 அளவுகளிலும் வருவதால் எண் தவறினால் லென்ஸ் உட்காராது. லென்ஸ் ஓரத்தில் நுணுக்கமாகப் பொறித்த எழுத்தையும் பார்ப்பார்கள். ரேபான் 1999இல் லக்ஸாட்டிகாவின் கைக்குப் போவதற்கு முன், பாஷ் அண்ட் லாம் காலத்து லென்ஸ்களில் பிஎல் என்று இருக்கும், பிறகு வந்தவற்றில் ஆர்பி. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நடைபாதையில் வாங்கிய "ரேபானு"க்கு வாரண்டி கேட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குறை ஒரு லென்ஸில்தான், ஆனால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பார்கள். காசு பிடுங்கும் வேலை என்று நினைக்காதீர்கள், இதில் நான் கம்பெனி பக்கம்தான். பழைய லென்ஸின் சாயம் வெயிலில் கொஞ்சம் மாறியிருக்கும், ஒரு கண்ணுக்கு ஒரு நிறம் என்று போட்டுக்கொண்டு கொண்டைஊசி வளைவு இறங்க முடியாது. அதே லென்ஸுக்கு மறுபடி கோட்டிங் போட்டுத் தாருங்கள் என்று கேட்பதும் வீண்: நானோமீட்டர் கணக்கில் அடுக்கியதைக் கலையாமல் உரித்து, அடியில் உள்ள பரப்பைப் பழையபடி ஆக்குவது புது லென்ஸ் வார்ப்பதை விடச் செலவு. அதனால்தான் ரிப்பேர் என்று போன கண்ணாடி பெரும்பாலும் மாற்றுப் பொருளாகத் திரும்பி வருகிறது. மாடல் நின்றுபோயிருந்தால் அதே விலையில் வேறொன்று தருகிறவர்களும் உண்டு.

வாரண்டி முடிந்திருந்தால் உள்ளூரில் லென்ஸ் வெட்டிப் போடலாம், மலிவு. இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முகத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் ஃப்ரேமுக்கு அதே அளவு வளைவுள்ள லென்ஸ் வேண்டும், தட்டையானதைத் திணித்தால் மேலே சொன்ன நெரிசல்தான். போலரைஸ்டு என்றால் அச்சு, அதாவது லென்ஸ் ஒளியை உள்ளே விடும் அதிர்வுத் திசை, நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். ஈரத் தார் ரோட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எழும் கூச்சம் கிடைமட்டமாக அதிர்கிற ஒளி. அச்சு 10 டிகிரி சாய்ந்தால் அதில் 3 சதவீதம் நுழைந்துவிடும். கேட்கச் சின்ன எண், ஆனால் ஒரு கண்ணில் மட்டும் நுழையும்போது தலை வலிக்கும்.

தயாரிப்புக் குறை என்று தெளிவாகத் தெரிந்தும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. விரிசல், உரிவு எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முன்பே கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்.

லென்ஸ் மாற்றும்போது எவ்வளவு கறுப்பான வகை வேண்டும் என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது வகை 3, வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் மட்டும் உள்ளே விடும். மேட்டுப்பாளையத்து வெயிலுக்கு அது சரி, ஆனால் திடீரென்று மஞ்சு இறங்கும் குன்னூர் மலைப்பாதையில் அது இருட்டு. 18 முதல் 43 சதவீதம் விடும் வகை 2 இங்கே பல நாளைக்குப் போதும், இரண்டிலும் புற ஊதாத் தடுப்பை ஒரே மாதிரிக் கொடுக்க முடியும். வகை 4 பனிமலைக்காரர்களுக்கானது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.