எல்லை தாண்டி வரும் தீயணைப்பு உதவி எங்கே சிக்கிக்கொள்கிறது?

காட்டுத்தீ கைமீறிப் போய், பக்கத்து நாடு வண்டிகளையும் வீரர்களையும் அனுப்பிவிட்டது என்று செய்தி வந்தால் எல்லோருக்கும் நிம்மதிப் பெருமூச்சு வருகிறது. தீப் பரவலைக் கணிக்கும் ஆய்வில் ஈடுபட்டிருக்கும் எனக்கு அந்த நேரத்தில்தான் கவலை தொடங்குகிறது. வந்தவர்களின் கருவியும் கணக்கும் இங்கிருப்பவர்களுடையதோடு பொருந்துமா?

தண்ணீர்க் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் தீயணைப்புக் குழாய்களின் முனையில் 'பார்சலோனா' வகை கப்ளிங், அதாவது குழாய்களை இணைக்கும் பூட்டு, இருக்கும். போர்ச்சுகலில் 'ஸ்டோர்ஸ்' வகை. பிரான்சில் இரண்டுமல்லாத வேறொன்று. ஒன்று மற்றொன்றில் பூட்டிக்கொள்ளாது. நடுவில் மாட்ட உள்ளங்கையளவு அடாப்டர் ஒன்று இல்லாவிட்டால், நிறைந்த தண்ணீர் வண்டி அருகில் நின்றாலும் பயனில்லை. 1904-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வெளியூர்களிலிருந்து விரைந்து வந்த தீயணைப்புப் படைகளின் குழாய்கள் பல அந்நகரத்துத் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அது ஒரே நாட்டுக்குள் நடந்தது.

கண்ணுக்குத் தெரியாத பொருத்தமின்மை இதைவிட ஆபத்தானது. அமெரிக்கத் தீ ஆய்வாளர்கள் காற்றின் வேகத்தை 20 அடி உயரத்தில் அளக்கிறார்கள். கனடாவும் ஐரோப்பாவும் 10 மீட்டர் உயரத்தில். உயரே போகப்போகக் காற்று வலுக்கும் என்பதால், இரண்டு அளவுகளுக்கும் இடையே சுமார் 15 சதவீதம் வேறுபாடு வரும். 1972-ல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ராதர்மெல் வெளியிட்ட தீப் பரவல் சமன்பாடுகளோ தீச்சுவாலையின் உயரத்தில் வீசும் காற்றைக் கேட்கின்றன. எந்த உயரத்துக் காற்று என்று பாராமல் எண்ணை அப்படியே உள்ளிட்டால், மென்பொருள் மறுப்பேதும் சொல்லாமல் தவறான வரைபடத்தை அழகாக வரைந்து தந்துவிடும். எந்தச் சாலையை மூடுவது என்று முடிவு செய்பவர் அதைத்தான் நம்பியிருப்பார்.

பல்கலைக்கழகங்களுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லோசான் என்ற ஊரில் உள்ள ஆய்வகத்தில், சாய்க்கக்கூடிய பெரிய மேடைகளில் சருகைப் பரப்பி எரித்துப் பார்க்கிறார்கள். இரண்டு தீ முகப்புகள் (முன்னேறும் தீயின் விளிம்புகள்) ஒரு கோணத்தில் வந்து சேரும்போது, சேரும் இடத்தில் வேகம் திடீரென்று பாய்கிறது என்பதை அவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருந்தார்கள். 2017 ஜூன் 17 அன்று அதே நாட்டின் பெத்ரோகாவ் கிராந்தி பகுதியில் இரண்டு தீக்கள் ஒன்றுசேர்ந்தன. அந்தப் பேரிடர் 66 உயிர்களைக் கொண்டுபோனது. தப்பிக்கக் கிளம்பிய பலர் சாலையில், காருக்குள்ளேயே இறந்தார்கள். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. அறிவு ஆய்வகத்தில் இருந்தது. அது கட்டளை மையத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரும் வழியையும் பொறியியலின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

நம்பிக்கை தருபவையும் உண்டு. வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகிய நான்கே நண்பகல் அளவீடுகளைக் கொண்டு கனடாவில் உருவான தீ அபாயக் குறியீட்டை, ஐரோப்பியக் காட்டுத்தீத் தகவல் அமைப்பு தன் பொது அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. ஒரே எண், பல நாடுகளுக்கும் ஒரே பொருள். 2022 முதல் கோடைக்காலங்களில் பிற நாட்டு வீரர்கள் முன்கூட்டியே கிரேக்கத்தில் நிறுத்தப்படுகிறார்கள். தீ வருவதற்கு முன்பே நிலத்தையும் பாதைகளையும் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கூடுதல் விமானங்களைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பொதுமக்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தபோது, கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்து உதவிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு தனியார் ட்ரோன் மோதித் துளையிட்டது. 12 விநாடிகளில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை வாரிக்கொள்ளும் அந்த விமானம், மிகவும் தேவைப்பட்ட நாட்களில் தரையில் நின்றது. தீ எரியும் பகுதியில் தயவுசெய்து ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

எல்லையோர மாவட்ட நிர்வாகத்திலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பவர்கள், தீக்காலம் தொடங்குமுன் அக்கரைப் படையோடு ஒரு நாள் உட்காருங்கள். சென்ற ஆண்டின் ஒரு தீயை எடுத்து, இரு தரப்பு மென்பொருளிலும் ஓட்டிப் பார்த்து, வரைபடங்கள் எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். பிறகு வெளியே வந்து, இரு வண்டிகளின் குழாய்களையும் ஒன்றோடொன்று மாட்டித் தண்ணீரைத் திறந்து பாருங்கள்.