ஹவுசா மக்களின் போரி: சடங்கு எது, நோய் எது?

வட நைஜீரியாவிலும் நைஜர் நாட்டின் தெற்கிலும் வாழும் ஹவுசா மக்களின் போரிச் சடங்கைக் காணொளியில் பார்க்கிற நம்மவர்கள், பேயோட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். போரியில் யாரும் எதையும் ஓட்டுவதில்லை. ஒருவரைப் பிடித்திருக்கும் ஆவி எது என்று கண்டறிந்து, ஆயுள் முழுக்க அதோடு ஒத்துப்போக வைக்கிறார்கள். விரட்ட விரும்புகிறவர்கள் குர்ஆன் ஓதும் ருக்யாவுக்குப் போவார்கள்.

கிர்கா என்ற தீட்சை பல நாள் நடக்கும். நோயாளியைப் பாயில் உட்கார வைத்து மூலிகை கொடுப்பார்கள். கோகே என்ற ஒற்றை நரம்பு வாத்தியமும் கவிழ்த்த சுரைக்குடுவைத் தாளமும் ஒவ்வோர் ஆவிக்கும் உரிய மெட்டை வாசிக்கும். எந்த மெட்டுக்கு உடம்பு நடுங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆவி ஏறியவரைக் குதிரை என்பார்கள். குதுரு என்ற தொழுநோயாளி ஆவி வந்தால் விரல்கள் மடங்கும். மாலம் அல்ஹாஜி என்ற முஸ்லிம் அறிஞர் ஆவி வந்தால் முதுகு கூனி, இருமிக்கொண்டே ஜெபமாலை உருட்டுவார். எம்பிக் குதித்து, கால்களை நீட்டியபடி புட்டம் தரையில் மோத விழுவதும் உண்டு. வால் எலும்பில் அடிபடக்கூடிய இடம் இது. கடைசியில் தும்மலோடு ஆவி இறங்கிவிடும்.

இப்படி அழைத்தால் வந்து, முடித்தால் போகிற மெய்ம்மறதி நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடும் பண்பாடு ஏற்ற சடங்கை நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. விருப்பமில்லாமல், சடங்குக்கு வெளியே திரும்பத் திரும்ப வந்து, வேலையையும் வீட்டையும் குலைத்தால்தான் அது கோளாறு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: உண்மையான நோயை ஆவி என்று நினைத்துவிடுவதில். நாக்கைக் கடித்துக்கொள்வது, சிறுநீர் போய்விடுவது, தெளிந்த பிறகும் குழம்பிக் கிடப்பது, அடுப்பு நெருப்பென்றும் பாராமல் விழுவது: இவையெல்லாம் வலிப்பின் அடையாளங்கள். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் மெட்டு தேடிக்கொண்டிருக்க நேரமில்லை; மூளை மலேரியாவாக இருக்கலாம். இந்தப் பகுதி, மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவுகிற ஆப்பிரிக்காவின் ‘மூளைக்காய்ச்சல் பட்டை’க்குள் வருகிறது. டிசம்பர் முதல் ஜூன் வரையிலான வறண்ட மாதங்களில் கழுத்து விறைத்த நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் சில நாளில் தூக்கமில்லாமல் பிதற்றும் பெண்ணுக்கும் இதே அவசரம்.

இஸ்லாமிய அறிஞர் உஸ்மான் டான் ஃபோடியோ 1804-இல் தொடங்கிய ஜிகாதிலிருந்து போரிக்கு எதிர்ப்பு உண்டு. அதனால் பலர் மருத்துவரிடம் அதைச் சொல்லவே மாட்டார்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்டால் இன்னும் மறைப்பார்கள். “என்ன மூலிகை குடிக்கிறீர்கள், எவ்வளவு, எப்போதிலிருந்து?” என்று, மருத்துவம் பார்ப்பவரானால், நேராகக் கேளுங்கள். கிர்காவுக்குப் போகாதே என்று தடுப்பதைவிட, வலிப்பு மாத்திரையை அந்த நாட்களிலும் நிறுத்தக் கூடாது, திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று குடும்பத்தாரிடமும் சடங்கை நடத்துகிற மூத்த பெண்ணிடமும் சொல்லிவைப்பதுதான் பலன் தரும்.