நானுஓயாவுக்குப் போய்ச் சேர முடியுமா?

கோடிங் இன்டர்வியூவுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் கணக்கு இது. ஓர் அணியில் (array) வரிசையாக எண்கள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் அந்த இடத்திலிருந்து அதிகபட்சம் எத்தனை இடம் முன்னே தாவலாம் என்று சொல்லும். முதல் இடத்தில் தொடங்கிக் கடைசி இடத்தை அடைய முடியுமா?

நமது இலங்கை மலையக ரயில் பாதையில் வைத்துப் பார்ப்போம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா. இவற்றுக்கு 0 முதல் 6 வரை சுட்டி (index), அதாவது இட எண். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாங்கும் டிக்கெட் எத்தனை ஸ்டேஷன் வரை செல்லும் என்பதுதான் அணி: 2, 3, 1, 0, 2, 0, 0.

ஹட்டனில் 2 கிடைக்கிறதே என்று தலவாக்கலைக்கே போய்விட்டால், அங்கே 1தான். அதை வைத்து வட்டகொடை போகலாம், அங்கே 0. வழி முடிந்தது. கொட்டகலையிலேயே இறங்கியிருந்தால் 3 கிடைத்து, கிரேட் வெஸ்டர்ன் வழியாக நானுஓயாவை அடைந்திருக்கலாம். ஆகவே எப்போதும் அதிக தூரம் தாவுவது சரிவராது. எல்லா வழிகளையும் முயல்வதும் ஆபத்து: எங்கிருந்தும் எங்கும் முன்னே தாவலாம் என்றிருக்கும் 30 இட அணியில் வழிகள் 26 கோடிக்கும் மேல்.

இந்தக் கணக்கின் அழகு இங்கேதான் இருக்கிறது. 3 ஸ்டேஷன் டிக்கெட்டில் ஒன்றிலோ இரண்டிலோ இறங்கிவிடலாம் அல்லவா? அதனால் ஓர் இடத்தை எட்ட முடிந்தால், அதற்கு முந்தைய எல்லா இடங்களையும் எட்டலாம். எந்த இடத்தைத் தாண்டிப் பாய்ந்தோமோ, அந்தத் தாவலையே குறைத்து அங்கே இறங்கலாம். எட்டும் இடங்களுக்கு நடுவே ஓட்டையே விழாது. எனவே வழிகளை நினைவில் வைக்கத் தேவையில்லை, மிகத் தொலைவான எல்லை என்ற ஒரே எண் போதும்.

இடமிருந்து வலமாக வாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் சுட்டியையும் அங்குள்ள எண்ணையும் கூட்டி, பெரிதானால் எல்லையை மாற்றுங்கள். ஹட்டனில் எல்லை 2. கொட்டகலையில் 1+3, எல்லை 4. அடுத்த இரண்டும் 3ஐத் தாண்டவில்லை, எல்லை அப்படியே. கிரேட் வெஸ்டர்னில் 4+2, எல்லை 6. நானுஓயா வந்துவிட்டது. கொட்டகலையில் 3க்குப் பதில் 2 இருந்தால் எல்லை 3லேயே நின்றுவிடும். சுட்டி 4 அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது, அங்கே போகவே முடியாது. ஆகவே விடை ‘முடியாது’. அணி எவ்வளவு நீளமானாலும் ஒரே நடைதான்.

இன்டர்வியூவில் விதியைச் சற்று மாற்றியும் கேட்பார்கள்: அந்த எண் அளவுக்குத்தான் தாவ வேண்டும், குறைக்கக் கூடாது, முன்னேயோ பின்னேயோ போகலாம். அப்போது நடுவே ஓட்டைகள் விழும், எல்லை என்ற ஒற்றை எண் உதவாது. போய்வந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்துப் போகவேண்டியவற்றை வரிசையில் வைத்துத் தேட வேண்டியதுதான்.