பில்டர் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தமில்லை, தம்பி

முந்தாநாள் பின்னேரம் உட்துறைமுக வீதியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கம்பைலர் கட்ட உதவும் எல்எல்விஎம்மை வைத்து, ரிஸ்க்-ஃபைவ் என்ற புரொசெசர் வகைக்குக் கோட் ஜெனரேட்டர் (நிரலை மெஷின் கட்டளைகளாக மாற்றும் பகுதி) எழுதிப் பழகும் தம்பி ஒருவர், லப்டொப் திரையைக் கோணலாகப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். "அண்ணா, மெயின்ல கிராஷ் ஆகுது. ஆனா மெயின்ல ஒரு பிழையும் இல்ல." இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ஆள்தான் வேறு, பிழை ஒன்றுதான்.

மெயினில் பிழை இல்லை என்பது உண்மை. மெயின் கூப்பிட்ட ஃபங்ஷனுக்கு, ஃபங்ஷன்கள் தற்காலிகமாக இடம் பிடிக்கும் நினைவகமான ஸ்டாக்கில் சரியாக 2048 பைட் தேவைப்பட்டது. நுழையும்போது, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஸ்டாக் பொயின்டரில் 2048 கழிய வேண்டும், வெளியேறும்போது கூட வேண்டும். இரண்டுக்கும் 'ஆட்-ஐ', அதாவது ஒரு எண்ணைக் கூட்டும் கட்டளை. அதில் எண்ணுக்கு உள்ள இடம் குறியோடு 12 பிட், அதாவது -2048 முதல் 2047 வரை. கழித்தது பொருந்தியது. கூட்டியது ஒன்றே ஒன்றால் பொருந்தவில்லை. 2048ஐ 12 பிட்டில் வெட்டினால் வருவது -2048. ஆகவே ஸ்டாக் மேலே வருவதற்குப் பதில் இன்னொரு 2048 கீழே போனது. திரும்பும் முகவரியை அதற்கு முன்பே எடுத்துவிட்டதால் ஃபங்ஷன் நல்லபிள்ளையாக வீடு திரும்பியது. மெயின்தான் தன் முகவரியைத் தேடி 4096 பைட் கீழே குப்பையில் கைவைத்தது. செய்தவன் ஒருவன், மாட்டியவன் இன்னொருவன்.

இதைச் சொன்னதும் தம்பி கேட்டார்: "பில்ட்எம்ஐ எரர் தரேல்லையே அண்ணா?" எல்எல்விஎம்மில் மெஷின் கட்டளையைக் கட்டித் தரும் பில்டர்தான் பில்ட்எம்ஐ.

இங்கேதான் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. மூன்று பேரும் இதையே கேட்டார்கள். கச்சேரி என்கிற அரச அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தருபவரிடம் வயது 300 என்றால் 300 என்றே எழுதித் தருவார். பில்ட்எம்ஐயும் அப்படித்தான். நீங்கள் சொன்ன ஒப்கோடை (எந்தக் கட்டளை என்பதை) எடுக்கும், தந்த ரெஜிஸ்டரை (புரொசெசருக்குள் எண் வைக்கும் இடத்தை) வைக்கும், அதனோடு வரும் ஆட்இம்மில் தந்த எண்ணை 64 பிட்டாக வாங்கி ஒட்டும். அந்த எண் இன்ஸ்ட்ரக்ஷனில் அடங்குமா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. கையால் அசெம்பிளி எழுதிப் பழகியவர்களுக்குத்தான் இந்த மயக்கம் அதிகம், ஏனென்றால் அசெம்பிளியை மெஷின் கோடாக்கும் அசெம்பிளர் 2048ஐக் கண்டவுடன் திட்டும். நேராக ஒப்ஜெக்ட் ஃபைல் (மெஷின் கோட் உள்ள கோப்பு) எழுதும்போது அந்தக் காவல்காரர் வழியிலேயே இல்லை. இன்னும் மோசம், அசெம்பிளியாக அச்சிட்டுப் பார்த்தால் 2048 என்று அழகாகத் தெரியும். தம்பியும் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

தயவுசெய்து எல்எல்விஎம்மின் கோட் ஜெனரேட்டரை ஓட்டும் எல்எல்சியை, கட்டளைகளைச் சோதிக்கும் 'வெரிஃபை-மெஷின்இன்ஸ்ட்ரஸ்' போட்டு ஓட்டுங்கள். எல்எல்விஎம்மோடு வரும் ரிஸ்க்-ஃபைவ் பகுதியில் எண் எல்லையைக்கூட அது பிடிக்கும். நீங்களே எழுதும் டார்கெட்டுக்கு (புரொசெசர் பகுதிக்கு) அந்தச் சோதனையை நீங்கள்தான் எழுத வேண்டும். அசெர்ஷன் (உள்ளே வைத்த சோதனைகள்) இல்லாத ரிலீஸ் பில்டில் வளர்ச்சி வேலை செய்யாதீர்கள். மெஷின் மெதுவென்று சாக்குச் சொல்லவும் வேண்டாம்.

ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பு இனித் தேவையில்லை என்று சொல்லும் கில் குறியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். பிறகும் அந்த ரெஜிஸ்டரை வாசிக்கிறீர்கள் என்றால் அது செத்துப்போனது என்று ஏன் எழுதுகிறீர்கள்? எக்ஸ்86 என்ற இன்னொரு புரொசெசர் வகைக்கு எழுதுபவர்களே, கம்பேருக்கும் ஜம்புக்கும் நடுவே ஆட் ஒன்றைச் செருகினால், ஒப்பிட்ட விடையை வைத்திருக்கும் ஃபிளாக் போய்விடும். அங்கே கூட்டுவதற்கு 'லியா' என்ற கட்டளை இருக்கிறது, அது ஃபிளாக்கைத் தொடாது.

ரிஸ்க்-ஃபைவில் ஸ்டாக் 16 பைட்டுக்கு ஒழுங்குபட வேண்டும், அதாவது 16இன் மடங்காக நகர வேண்டும். அதனால் நுழைவு, வெளியேற்றம் இரண்டிலும் ஒரே ஆட்-ஐயில் நகர்த்தக்கூடியது 2032 பைட் வரைதான். தம்பியின் டெஸ்ட் எல்லாம் நூறு, இருநூறு பைட் ஃபங்ஷன்கள். 2032, 2048, 4096 மூன்றுக்கும் டெஸ்ட் எழுதச் சொன்னேன். இப்போது வெளியேறும்போது 2032 கூட்டி, பிறகு 16 கூட்டுகிறார். நேற்று இரவு "வேலை செய்யுது அண்ணா" என்று இன்னொரு படம் வந்தது. அதுவும் கோணல்தான்.