‘கால் போனால் கவலை இருக்காதா?’ என்று கேட்பவர்களுக்கு

தண்டுவடத்தில் அடிபட்டவர் படுக்கைப்புண்ணோடு மருத்துவமனைக்கு மறுபடி வந்து படுக்கிறார். புண்ணுக்குக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுகிறோம். சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், “செஞ்சு என்ன ஆகப்போகுது?” என்பார். வீட்டாரோ, “இந்த நிலைமையில யாருக்குத்தான் சோகம் இருக்காது?” என்கிறார்கள். எத்தனை முறைதான் இதைக் கேட்பது!

சோகம் இருக்கும். ஆனால் துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துக்கத்தில் இருப்பவர் காலையில் அழுதாலும், மாலையில் பிள்ளை வந்து பேசினால் முகம் மலர்வார். நோய் அப்படி விட்டுவிட்டு வருவதில்லை. இரண்டு வாரமாவது, நாளின் பெரும்பகுதி நேரம், எதிலும் பிடிப்பில்லாமல் ஆளை அழுத்தும். கடுமையான ஊனத்துக்குப் பிறகும் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதில்லை. அப்படியிருக்க, வந்தவரிடம் ‘இது சகஜம்’ என்று சொல்லி எப்படி விட்டுவிட முடியும்? காயத்தோடு காய்ச்சல் வருவதும்தான் சகஜம்; அதற்கு வைத்தியம் பார்க்காமலா இருக்கிறோம்?

சக ஆலோசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கோபக் கட்டத்தில் இருக்கிறார், தானாகக் கடந்துவிடுவார்’ என்று எழுதிவைக்காதீர்கள். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு), மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிக் கண்டவை. அடிபட்டவர்கள் எல்லாரும் வரிசையாக ஏறியே தீரவேண்டிய படிகள் அல்ல. மனச்சோர்வை அளக்கும், ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தில் மதிப்பெண் 10ஐத் தொட்டால் விரிவாகப் பரிசோதியுங்கள். தூக்கம், பசி, அசதி மூன்றும் காயத்தாலும் வலி மாத்திரையாலும்கூடக் கெடும். ஆகவே ஆர்வமின்மை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, சாவு பற்றிய எண்ணம், இவற்றைத் துருவிக் கேளுங்கள். இன்னொன்று: தண்டுவடத்தில் டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டம்) அல்லது அதற்கு மேலே அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் படபடப்பும் வந்தால் பதற்றம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தலையில் அடிபட்டவர் எரிந்து விழுந்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; மூளைக் காயம் அப்படிச் செய்யும். இல்லாத காலில் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது உண்மையான வலி. முதலில் வலியைக் குறையுங்கள், ஆலோசனை அப்புறம்தான் காதில் ஏறும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘இருக்கிறது’ என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். ‘சீக்கிரம் நடந்துடுவே’ என்று பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். உள்ளதை மருத்துவர் வாயால் அவரிடமே சொல்லச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். நாற்காலியைத் தள்ளுமுன் அவரைக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். நான்காம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.